மருத்துவரைப் பார்க்கும் முன் ஒரு பக்கம்

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். பக்கத்து மேசையில் இருந்த கணக்கு டீச்சர் தன் கைபேசியை என் பக்கம் நீட்டினார்.

"டீச்சர், இதுல எது வாங்கலாம்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க. நீங்கதானே அறிவியல்."

திரையில் மூன்று பெயர்கள்: ஓசெம்பிக், வெகோவி, மவுஞ்சாரோ. உடல் எடையைக் குறைக்கும் ஊசிகள். ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். எது வேண்டும் என்று சொன்னால் போதும்.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவருக்காக மட்டும் அல்ல. என் எடை அப்போது 74 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பக்கம் உள்ள பள்ளிக்குப் பேருந்தில் வந்து போகிறேன். பேருந்தில் உட்கார்ந்து, ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, வீட்டில் விடைத்தாளோடு உட்கார்ந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தப் பெயர்களை நானும் இரவில் தனியாகத் தேடிப் பார்த்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

அன்றிரவு ஓர் அட்டவணை தயாரித்தேன். முதல் பத்தியில் மருந்தின் பெயர், அடுத்ததில் எத்தனை கிலோ குறையும், மூன்றாவதில் என்ன விலை. அதை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டில் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். அவர் பொறுமையாகப் படித்தார். "அட்டவணை நல்லா இருக்கும்மா. இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. மருந்துகளை ஒப்பிட்டேனே தவிர, அவற்றை என் உடம்போடு ஒப்பிடவே இல்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவர் முன் உட்காரும் அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்காமல் இருக்க இது உதவினால் போதும்.

முதலில் நம் அளவுகள்

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். என் கணக்கு: 1.55 இன் வர்க்கம் 2.4025. அதனால் 74ஐ வகுத்தால் 30.8.

உலக அளவில் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடற்பருமன். இந்தியர்களுக்கு இந்த எல்லை குறைவு. 23க்கு மேல் அதிக எடை என்றும், 25க்கு மேல் உடற்பருமன் என்றும் இந்திய மருத்துவர்கள் கொள்கிறார்கள். குறைந்த எடையிலேயே நமக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்துவிடுவதும், நீரிழிவு சீக்கிரம் வந்துவிடுவதுமே காரணம். அதனால் இடுப்புச் சுற்றளவும் முக்கியம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. தையல் டேப் ஒன்று இருந்தால் வீட்டிலேயே அளந்துவிடலாம்.

இது நம் ஒருவர் இருவரின் குறை அல்ல. 2019-21 இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதம் பேரின் குறியீட்டெண் 25 அல்லது அதற்கு மேல். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9 சதவீதம். சில ஆண்டுகளில் ஒரு மாநிலத்துப் பெண்கள் எல்லோரும் சோம்பேறிகளாகிவிட முடியாது. உணவு, வேலை, தூக்கம், பயணம் என்று வாழ்க்கை முறையே மாறியிருக்கிறது. ஆகவே மருத்துவரிடம் எடையைப் பற்றிப் பேச வெட்கப்பட வேண்டியதில்லை.

மூன்று பெயர், இரண்டு மருந்து

கணக்கு டீச்சரின் பட்டியலில் முதலில் கண்ணில் பட்டது இதுதான். ஓசெம்பிக், வெகோவி இரண்டும் வெவ்வேறு மருந்துகள் அல்ல. இரண்டிலும் இருப்பது செமக்ளூடைடு என்ற ஒரே வேதிப்பொருள். ஓசெம்பிக் நீரிழிவுக்காகவும், வெகோவி கூடுதல் அளவில் எடைக்குறைப்புக்காகவும் வந்தவை. ரைபெல்சஸ் என்ற மாத்திரையிலும் இதே செமக்ளூடைடுதான், அது நீரிழிவுக்கானது. மவுஞ்சாரோவில் இருப்பது டிர்செபடைடு. எனவே ஒப்பிடும்போது பெட்டியின் மேல் பெரிதாக இருக்கும் பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்க வேண்டும்.

இவை எப்படி வேலை செய்கின்றன? நாம் சாப்பிட்டதும் சிறுகுடல் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, மூளைக்குப் 'போதும்' என்ற செய்தியை அனுப்புகிறது. ஆனால் இந்த ஹார்மோன் இரத்தத்தில் ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். அதே வேலையைச் செய்யும், ஆனால் எளிதில் சிதையாத மூலக்கூறுகளை ஆய்வாளர்கள் தேடினார்கள். அந்தத் தேடலில் முதல் மருந்துக்கு வழிகாட்டியது அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீர். அதிலிருந்த ஒரு பொருளைப் பின்பற்றி உருவான எக்செனடைடு 2005 இல் அமெரிக்காவில் நீரிழிவுக்கு அனுமதி பெற்றது. பத்தாம் வகுப்பில் ஹார்மோன்கள் பாடம் நடத்தும்போது இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், மதிய வேளையிலும் யாரும் தூங்க மாட்டார்கள்.

பின்னர் வந்தது லிராக்ளூடைடு. தினமும் ஓர் ஊசி. அதன்பின் செமக்ளூடைடு, வாரம் ஒன்று. டிர்செபடைடும் வாரம் ஒன்றுதான். அது ஜி.எல்.பி-1 போலவும் ஜி.ஐ.பி. என்ற இன்னொரு குடல் ஹார்மோன் போலவும் செயல்படுகிறது.

இந்தக் குடும்பத்தைச் சேராத பழைய மருந்து ஒன்றும் உண்டு: ஆர்லிஸ்டாட் மாத்திரை. பசியோடு இதற்குச் சம்பந்தமில்லை. குடலில் கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் நொதியைத் தடுக்கிறது. அதனால் உண்ட கொழுப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் உடலில் சேராமல் வெளியேறிவிடும். வெளியேறும் வழியும் மலம்தான். எண்ணெய் கலந்து, சில நேரம் அடக்க முடியாத அவசரத்தோடு வரும்.

கிலோ கணக்கும் பணக் கணக்கும்

ஆய்வு முடிவுகளைச் சதவீதத்தில் பார்ப்பது நல்லது. 2021 இல் வெளியான செமக்ளூடைடு ஆய்வில் 1,961 பேர் பங்கேற்றார்கள். 68 வாரங்களில் மருந்து எடுத்தவர்களுக்குச் சராசரியாக 14.9 சதவீதமும், வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதமும் எடை குறைந்தது. 2022 இல் வெளியான டிர்செபடைடு ஆய்வில் 72 வாரங்களில் உச்ச அளவு மருந்துக்குச் சராசரி 20.9 சதவீதம். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 2025 ஆம் ஆண்டு ஆய்வில் டிர்செபடைடுக்கு 20.2, செமக்ளூடைடுக்கு 13.7 சதவீதம். லிராக்ளூடைடுக்கு 56 வாரங்களில் சுமார் 8 சதவீதம். ஆர்லிஸ்டாட்டில் ஓராண்டில் வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாகக் குறைவது சுமார் 3 கிலோதான்.

இவை சராசரிகள். வகுப்புச் சராசரி 60 என்றால் எல்லோரும் 60 வாங்கியதாக நாம் நினைப்பதில்லை அல்லவா? 20 வாங்கியவரும் 95 வாங்கியவரும் அதற்குள் இருப்பார்கள். மேலும் இந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனையும் சேர்த்தே தரப்பட்டது.

இன்னொரு எண்ணும் முக்கியம். செமக்ளூடைடு ஆய்வு முடிந்து ஊசியை நிறுத்தியவர்களில் ஒரு பகுதியினரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு சராசரியாகத் திரும்பி வந்துவிட்டது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவது போலத்தான். கல்யாணத்துக்கு முன் மூன்று மாதம் போட்டுக்கொள்ளும் ஊசி இல்லை இது.

ஆகவே விலையை மாதக் கணக்கில் பார்த்தால் போதாது. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ இந்தியாவில் அறிமுகமானபோது, தொடக்க அளவான 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000. அதே ஆண்டு ஜூனில் வந்த வெகோவி தொடக்க அளவுக்கு மாதம் 17,000 ரூபாய்க்கு மேல் இருந்தது. நவம்பரில் 10,850 ஆகக் குறைக்கப்பட்டது. அளவு கூடக் கூட விலையும் கூடும். செமக்ளூடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச்சில் முடிந்தது. அதன்பின் மற்ற நிறுவனங்களும் தயாரிக்க வழி திறந்தது. விலை இறங்கும்போது ஆசையும் போலியும் சேர்ந்தே பெருகும் என்பதால், சரியான கேள்விகளை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அட்டவணையில் இல்லாத பத்தி

என் அட்டவணையில் ஆர்லிஸ்டாட்டுக்கு நேரே 'விலை குறைவு, ஊசி இல்லை, எனக்கு ஏற்றது' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். மருத்துவர் அதையே முதலில் தொட்டார்.

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"தைராய்டுக்கு மட்டும், சார்."

"எப்போ?"

"காலையில காபியோட. பஸ்ஸுக்கு நேரமாயிடும்ல."

தைராய்டு மாத்திரையைக் காபியோடு எடுத்தால் அது உடலில் சேர்வது குறைகிறது. ஆர்லிஸ்டாட்டும் அதே மாத்திரை சேர்வதைத் தடுக்கக்கூடும். இரண்டுக்கும் இடையில் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரத்தப் பரிசோதனையில் என் தைராய்டு கட்டுப்பாட்டில் இல்லை என்று தெரிந்தது. தைராய்டு குறைவே எடையைக் கூட்டும் ஒரு காரணம். நான் எனக்கென்று தேர்ந்தெடுத்த மாத்திரை, ஏற்கெனவே சரியாகச் சேராத மாத்திரையை மேலும் தடுத்திருக்கும்.

அடுத்து அவர் கேட்டவை எல்லாம் என் அட்டவணையில் இல்லாத கேள்விகள். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்ததா? மெடுல்லரி என்ற வகை இருந்திருந்தால் செமக்ளூடைடு, டிர்செபடைடு இரண்டும் கூடாது. கணைய அழற்சி வந்ததுண்டா? பித்தப்பைக் கல் உண்டா? வேகமாக எடை குறையும்போது கல் உருவாகும் வாய்ப்பு கூடும். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் உண்டா? செமக்ளூடைடை அதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு டிர்செபடைடு அதன் பலனைக் குறைக்கலாம். நம் இளம் ஆசிரியைகள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

பிறகு பள்ளியைப் பற்றிக் கேட்டார். அது எனக்கு வியப்பாக இருந்தது. "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீங்க?" உண்மையைச் சொன்னேன். காலையில் வீட்டில் ஒரு டம்ளர், மாலையில் வீட்டுக்குப் போன பிறகுதான் அடுத்தது. ஏன் என்று நம் ஆசிரியைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்த ஊசிகளின் பொதுவான பக்க விளைவுகள் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல். அதனால்தான் சிறிய அளவில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறையே கூட்டுகிறார்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருக்கும்போது தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ஆர்லிஸ்டாட் எடுத்துக்கொண்டு, இடைவேளை இல்லாமல் மூன்று பாடவேளை நிற்க முடியுமா என்பதும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

சேமித்து வைப்பதும் ஒன்று. பயன்படுத்தாத ஊசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது. புயல் நாட்களில் எங்கள் கடலோர ஊர்களில் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஊசியைப் பையில் போட்டுப் பேருந்தில் கொண்டுவருவதும் சாதாரண விஷயம் அல்ல.

கணக்கு டீச்சரையும் வற்புறுத்தி மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் நீரிழிவுக்கு கிளிமிபிரைடு மாத்திரை எடுப்பவர். அந்த வகை மாத்திரையோடு இந்த ஊசியும் சேர்ந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். மருத்துவர் முதலில் அந்த மாத்திரையின் அளவைக் குறைத்துவிட்டு, பிறகு அவருக்கு ஊசியையே எழுதிக்கொடுத்தார். அவருக்கு அது ஏற்ற மருந்துதான். ஆனால் உறவினர் கடையிலிருந்து நேராக வாங்கியிருந்தால், மாத்திரையைக் குறைக்க யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கரும்பலகை முன் நிற்கும்போது மயங்கி விழுந்திருக்கலாம்.

தவம் செய்யும் பூனை

மாமல்லபுரத்துக்குக் களப்பயணம் போனால் அர்ச்சுனன் தபசு முன் பிள்ளைகளை நிறுத்துவோம். விலா எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நிற்கும் தவசியை முதலில் காட்டுவோம். பிறகு கீழே யானைகளின் பக்கத்தில், கைகளைத் தூக்கித் தவக்கோலத்தில் நிற்கும் பூனையைத் தேடச் சொல்வோம். சுற்றிலும் எலிகள் நம்பிக்கையோடு நிற்கும்.

எடைக்குறைப்புச் சந்தையில் அந்தப் பூனை அடிக்கடி வருகிறது. 'பக்க விளைவே இல்லை', 'முழுக்க மூலிகை', 'டாக்டர் சீட்டு தேவையில்லை' என்று கை கூப்பி நிற்கும். சிபுட்ராமின் என்ற மாத்திரை ஒருகாலத்தில் முறையான மருந்தாகவே விற்றது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுவது தெரிந்ததும் 2010 இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்டது. 2011 இல் இந்தியாவிலும் தடை செய்யப்பட்டது. அதன் பிறகும், 'மூலிகை' என்று விற்ற பொருட்களுக்குள் அதே சிபுட்ராமின் ஒளிந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது.

நம் ஊரிலேயே, 2026 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்லூரி மாணவி காணொளி பார்த்து, எடை குறைய வேண்டுமென்று வெங்காரம் வாங்கிச் சாப்பிட்டு உயிரிழந்தார் என்ற செய்தியைப் படித்தோம். நம் வகுப்பறைகளிலிருந்து போன ஒரு பெண்ணைப் போல்தான் அவரும்.

அந்த ஒரு பக்கம்

இப்போது நண்பர்கள் யார் கேட்டாலும், எந்த மருந்து என்று நான் சொல்வதில்லை. ஒரு தாளை எடுத்து இவற்றை எழுதுங்கள் என்கிறேன்:

1. எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு. கடந்த ஐந்தாண்டுகளில் எடை எப்போது கூடியது?

2. தற்போது எடுக்கும் எல்லா மருந்துகளும், எடுக்கும் நேரமும். ஸ்டீராய்டு, மனநல மருந்துகள், நாட்டு மருந்து, சத்து மாவு எதையும் மறைக்க வேண்டாம். சில மருந்துகளே எடையைக் கூட்டும்.

3. நீரிழிவு, இரத்த அழுத்தம், தைராய்டு, பித்தப்பைக் கல், கணையம், சிறுநீரகம் தொடர்பான பழைய சீட்டுகளும் பரிசோதனை முடிவுகளும்.

4. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்ததா என்று அம்மாவிடமோ அத்தையிடமோ கேட்டு வந்த பதில்.

5. கர்ப்பத் திட்டம், கருத்தடை முறை.

6. ஒரு வேலை நாளின் உண்மையான கணக்கு: எப்போது சாப்பிடுகிறேன், எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி நேரத் தூக்கம்.

7. ஆண்டுக்கு எவ்வளவு செலவிட முடியும்.

தாளின் பின்பக்கத்தில் மருத்துவரிடம் கேட்க நான்கு கேள்விகள்: எனக்கு மருந்து தேவையா? தேவையென்றால் ஏன் இந்த மருந்து? எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்? எவ்வளவு காலம், நிறுத்தினால் என்ன ஆகும்? மூன்றாவது கேள்விக்கு ஒரு பதிலை இப்போதே சொல்லலாம். முதுகு வரை பரவும் கடுமையான, விடாத வயிற்று வலி வந்தால் காத்திருக்கக் கூடாது. ஊசி போடுபவர்கள் எந்த அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் மயக்க மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு இதுவரை எந்த எடைக்குறைப்பு மருந்தும் தொடங்கவில்லை. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுக்கிறேன், காபி பிறகுதான். திருக்கழுக்குன்றத்தில் இறங்கி மாறும் இடைவெளியில் நடக்கிறேன். மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றிருக்கிறார் மருத்துவர். என் எடையில் 5 சதவீதம், அதாவது 3.7 கிலோ குறைந்தாலே சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் பலன் உண்டு என்றார். அப்போதும் ஊசி தேவைப்பட்டால் போட்டுக்கொள்வேன். அதில் எனக்குக் கூச்சம் இல்லை.

கூச்சப்பட வைத்தது வேறொன்று. ஜனவரியில் ஒருநாள் சத்துணவு நேரத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி முட்டையைத் தொடாமல் பக்கத்தில் இருந்தவளுக்குத் தள்ளிவிட்டாள். ஒல்லியான பெண். ஏன் என்று கேட்டேன். "வெயிட் போடுதுன்னு நீங்க டீச்சர்ஸ் ரூம்ல பேசிட்டு இருந்தீங்களே, டீச்சர்" என்றாள். விடைத்தாள் கட்டுகளைக் கொண்டுவந்து வைக்க அவள் அன்று உள்ளே வந்திருந்தாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு 45 வயது, தைராய்டு இருக்கிறது, அதற்கு டாக்டரைப் பார்க்கிறேன். உனக்கு 14 வயது, வளர்கிற உடம்பு, உனக்கு முட்டை வேண்டும் என்று சொன்னேன். ஒருவருக்குச் சரியானது இன்னொருவருக்குச் சரியாகாது என்பதை மருத்துவர் எனக்குப் புரியவைத்த அதே வழியில் அவளுக்கும் சொல்லப் பார்த்தேன். முட்டை திரும்பி அவள் தட்டுக்கு வந்தது. பாதிதான் சாப்பிட்டாள். மறுநாளும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.